15.04.2006 இரவு 12.00 – 12.30: ரெண்டு தரம் வந்த அரை மணித்தியாலத்தில ஒரு காதல் படம்

#1 தெகிவளை லேன்

40 நிமிஷப் படம். கையில 12 இலட்சம், ஆறு இரவு ஷூட்டிங், ரெண்டே ரெண்டு நடிகர். இடம் வெள்ளவத்தையில ஒரு பிளாற், அதிலயிருந்து கடல்பக்கம் இறங்கிற ஒழுங்கை. காலப்பயணக் கதைதான், ஆனால் மெஷினும் இல்லை, மின்னல் சுழலும் இல்லை.

கதைக்கு எடுத்தது இந்த நாட்டில உண்மையா நடந்தது. 1996 மே 25, மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. அதே வருஷம் ஒக்ரோபர் 26 அதில அரை மணியைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணி பத்து வருஷம் கிடந்து, 2006 ஏப்ரல் 15 இரவு 12.30ஐ திரும்ப 12.00 ஆக்கினதோட போச்சு. ஆக, அண்டைக்கு 12 மணியிலயிருந்து 12.30 வரை கொழும்பில ரெண்டு தரம் வந்தது.

வாணிக்கு 24 வயசு. அவள் காதலிச்சவன் கிளிநொச்சியில வேலை. இரவு 12 மணிக்கு கோல் எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறான். அவள் 12.00 தொடக்கம் காத்திருந்து, 12.25க்கு போனை வீட்டிலயே வைச்சிட்டு வெளியால போறாள். 20 வருஷம் கழிச்சு அந்த ரெண்டாவது அரை மணி அவளுக்குத் திரும்பக் கிடைக்குது.

கேக்கிறது இதுதான்: 44 வயசு வாணியையும் 24 வயசு வாணியையும் ஒரே அறையில எப்பிடி மலிவாக் காட்டிறது? 2006 ஐக் காட்டப் போய் எங்க பிழைக்கும்?

#2 பழைய பஞ்சாங்கம்

உங்கள் கதையின் உயிர் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது, ஆனால் அதை இன்னும் பயன்படுத்தவில்லை. 1996 நேரமாற்றத்தைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். அதாவது 2006 ஏப்ரல் 14 வரை கிளிநொச்சி மணிக்கூடு கொழும்புக்கு அரை மணி பின்னால் ஓடியது.

இப்போது கணக்குப் போடுங்கள். அவன் சொன்ன 12 மணி எந்த 12 மணி? கிளிநொச்சியில் 12.00 ஆகும்போது கொழும்பில் 12.30. அந்தக் கணத்தில்தான் கொழும்பு மணிக்கூடு திரும்ப 12.00 ஆகிறது. அவன் சொன்ன நேரத்துக்குச் சரியாகவே எடுக்கிறான். ஐந்து நிமிடம் முன்பு அவள் போய்விட்டாள். இரண்டு ஊர் மணிக்கூடும் பத்து வருடத்துக்குப் பிறகு ஒன்றாகிற முதல் விநாடியில் அந்த போன் அடிக்கிறது. இதை வசனமாக யாரும் சொல்லக்கூடாது. சுவர் மணிக்கூடும் அவளுடைய கைத்தொலைபேசியும் வேறு வேறு நேரம் காட்டினாலே போதும்.

இன்னும் சில, தவறவிடாமல்:

2006 ஏப்ரல் 14 சித்திரை வருடப்பிறப்பு. அந்த வருடம் பெரிய வெள்ளியும் அதே நாள்தான். கடைகள் எல்லாம் ஷட்டர் போட்ட ஒரு காலி றோட்டைக் காட்ட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

முழுநிலவு ஏப்ரல் 13 இரவு. ஆகவே 14 நள்ளிரவில் நிலவு ஒரு நாள் தேய்ந்தது, ஏறத்தாழ வட்டம், வானில் நன்றாக உயரே. ஜன்னலுக்குள் சரிந்து விழும் பால்நிலவு அந்த மணிக்கு வராது.

ஏப்ரல் 14 பின்னேரம் சூரியன் மறைந்தது மணிக்கூட்டில் கிட்டத்தட்ட 6.48. மறுநாள் 6.18. தொடக்கக் காட்சியில் அம்மா விளக்கேற்றும் நேரத்தைக் காட்டினால், இறுதியில் மறுநாள் விளக்கேற்றும் நேரத்தையும் காட்டுங்கள். ஒரே வெளிச்சம், அரை மணி வித்தியாசம்.

1996 ஒக்ரோபர் 26 இலும் இரவு 12.30 தான் 12.00 ஆனது, அதுவும் முழுநிலவை ஒட்டிய இரவு. கதைக்கு அழகான இரண்டாவது கதவு. ஆனால் திறக்க வேண்டாம். மூன்று காலத்து உடுப்பு, மூன்று காலத்துச் சாமான், வாணிக்கு மூன்று வயது. 12 இலட்சம் தாங்காது.

#3 ஐம்பது ஹேட்ஸ்

கமராப் பக்கம் மட்டும் சொல்லுறன்.

முழுப்படமும் வினாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/50 வினாடி. இங்க கரண்ட் 50 ஹேட்ஸ், லைற் எல்லாம் வினாடிக்கு 100 தரம் துடிக்கும். 1/50 வைச்சா ஒவ்வொரு பிரேமிலயும் ரெண்டு துடிப்பு முழுசா விழும், துடிப்புத் தெரியாது. 1/60 வைச்சீங்களெண்டால் சுவரில பட்டை பட்டையா ஓடும், எடிற்றில எடுக்கேலாது. கடையில வாங்கிற எல்ஈடி பல்ப்பை டிம்மரில போடாதேங்கோ. டிம் பண்ணினா வேற வேகத்தில துடிக்கும். வெளிச்சத்தைக் குறைக்கோணுமெண்டால் பல்ப்பைத் தள்ளி வையுங்கோ, இல்லாட்டி கேக் சுடேக்க போடுற பேக்கிங் தாளால மூடுங்கோ.

தெருவெளிச்சம்: 2006 எண்டால் சோடியம், 2,000 கெல்வின் அளவில செம்மஞ்சள். இப்ப ஒழுங்கையில இருக்கிறது வெள்ளை எல்ஈடி. அந்தக் கம்பத்தை பிரேமுக்கு வெளியால விடுங்கோ, அதின்ர வெளிச்சம் விழுற இடத்தைக் கறுப்புத் துணியால மறையுங்கோ. 2,700 கெல்வின் எல்ஈடி ஒண்டுக்கு அரைச் செம்மஞ்சள் ஜெல் (லைற்றுக்கு முன்னால போடுற நிறத்தாள்) போட்டு, எட்டு ஒன்பது அடி உயரத்தில நட்டால் கிட்ட வரும். கமரா வைற் பலன்ஸ் 3,200இல பூட்டியிருக்கோணும், ஓட்டோவில விட்டால் அது செம்மஞ்சளைத் திருத்திப் போடும். சோடியத்தில நிறங்கள் செத்துப்போகும்: நீலம் கறுப்பாத் தெரியும். வாணிக்கு நீலச்சட்டை எண்டு எழுதியிருந்தால் இப்பவே மாத்துங்கோ. மங்கின மஞ்சள், வெள்ளை ரெண்டும் நிக்கும்.

ஜன்னல் கடல்பக்கம் பாத்தது மட்டும் எடுங்கோ. கிழக்கும் வடக்கும் பாத்தால் தாமரைக் கோபுரமும் புது உயர மாடிகளும் வரும். கோபுர வேலை தொடங்கினதே 2012இல.

இனி ரெண்டு வாணி. ஒரே நடிகைதான் வேணுமெண்டால், ஒரே கமரா நிலையில ரெண்டு தரம் எடுத்து, பிரேமைப் பிரிச்சு ஒட்டிறதுதான் வழி. மூண்டு ஷொட்டுக்கு மேல வைக்காதேங்கோ. மிச்சத்தை முதுகுப் பக்கத்தால, ஒத்த உயரமான ஒருத்தியை வைச்சு எடுக்கலாம். அந்த மூண்டுக்கும்:

ட்ரைபொட்டில 8 கிலோ மண்மூட்டை தொங்கவிட்டு, கால் மூண்டையும் நிலத்தில ரேப்பால ஒட்டுங்கோ. போக்கஸ், ஐரிஸ், ஐஎஸ்ஓ, வைற் பலன்ஸ் எல்லாம் கையால. கமராவுக்குள்ள இருக்கிற ஆட்டம்தடுக்கியை நிப்பாட்டுங்கோ. அதை மறந்தால் ட்ரைபொட்டில நிண்டாலும் படம் ஒண்டு ரெண்டு பிக்சல் நீந்தும், ஒட்டு வெளியில தெரியும். றெக்கோட் பட்டனைக் கையால தொடாதேங்கோ, போனால இயக்குங்கோ. முதல் 30 வினாடி ஆளில்லாத அறையை எடுங்கோ. பிறகு 24 வயசு, பிறகு மேக்கப் மாத்தி 44 வயசு. மேக்கப்புக்கு ஒண்டரை மணித்தியாலம் போகும். அதுக்குள்ள வெளி வெளிச்சம் மாறினால் வேலை கெட்டுப்போகும். அதனால ஜன்னலைக் கறுப்புத் துணியால அடைச்சு இரவிலதான் எடுக்கோணும்.

ஒட்டுற கோடு நேரான அசையாத பொருளில விழோணும். கதவு நிலை நல்லது. கோட்டில திரைச்சீலை, மணிபிளான்ற், மின்விசிறியின்ர நிழல் இருக்கப்படாது. விசிறியை நிப்பாட்டி, சீலையைக் குண்டூசியால குத்துங்கோ.

எல்லாரும் விடுற பிழை ஒண்டு. ஒரு வாணி கதிரையில இருக்கிறாள் எண்டால் அவளின்ர உடுப்பு நிறம் மேசையில தெறிக்கும், நிழல் சுவரில விழும். மற்றப் பக்கத்தை எடுக்கேக்க அந்தக் கதிரை வெறுமையா இருந்தால் அந்த நிறமும் நிழலும் இல்லை. பாக்கிறவைக்கு என்ன பிழையெண்டு தெரியாது, ஆனால் ரெண்டு பேரும் ஒரே அறையில இல்லையெண்டு கண் சொல்லும். அதே உடுப்பைப் போட்டு இன்னொருத்தியை இருத்திப்போட்டு எடுங்கோ. பழைய பிலிம் மாதிரித் தெரியப் படத்துக்குப் போடுற துகளை (கிறெயின்), ஒட்டி முடிச்ச பிறகு மேலால போடுங்கோ.

#4 றங்குப்பெட்டி

சாமான் விஷயத்தில சின்னப் பிழைதான் படத்தைக் கெடுக்கும்.

காசு: 2006 ஏப்ரலில புழக்கத்தில இருந்த பெரிய நோட்டு 1,000. 2,000 நோட்டு அந்த வருஷக் கடைசியிலதான் வெளியில வந்தது, 5,000 நோட்டு 2011இல. பத்து ரூபா அப்ப தாள்தான். கைவிசேஷத்துக்கு வெத்திலையில வைக்கிற 100 ரூபா பழைய தொடர் நோட்டாயிருக்கோணும். அச்சடிச்சு எடுக்க நினைக்காதேங்கோ, அது குற்றம். பழைய தாள் சேகரிக்கிற ஆக்களிட்ட இரவல் வாங்குங்கோ. வெத்திலை லைற் சூட்டில ரெண்டு மணித்தியாலத்தில சுருளும். ஒரு இரவுக்கு நாலு கட்டு, ஈரத்துணியில சுத்தி ஐஸ் பெட்டிக்குள்ள.

போன்: நோக்கியா 1100 சரியான தெரிவு, 2003இல வந்தது. பிஎல்-5சி பற்றரி இப்பவும் கிடைக்கும், ஊதின பழசைப் போடாதேங்கோ. அதில ரோர்ச் இருக்கு, இருட்டில வாணியின்ர முகத்துக்கு அதுவே லைற். முக்கியமானது, அதில நேரத்தை ஆள்தான் கையால வைக்கோணும். அதனால அண்டைக்கு இரவு அவள் மாத்த மறந்த போன் பழையபடி 12.40 காட்ட, அம்மா மாத்தின சுவர் மணிக்கூடு 12.10 காட்டலாம்.

சுவர் மணிக்கூட்டில பற்றரியைக் கழட்டிப்போட்டு, ஒவ்வொரு ஷொட்டுக்கும் முள்ளைக் கையால வையுங்கோ. வினாடி முள் ஓடுறது தெரியவேண்டிய ஷொட் ஒண்டு ரெண்டுக்கு மட்டும் பற்றரி. கண்ணாடியில லைற் தெறிச்சால் மணிக்கூட்டின்ர மேல்பக்கத்துக்குப் பின்னால தீப்பெட்டி ஒண்டை வைச்சு முன்னுக்குச் சரியுங்கோ.

வாகனம்: மூண்டு எழுத்து நம்பர் பிளேற் 2006இல இல்லை. ஒழுங்கையில நிக்கிற கார்களுக்குக் கார்கவர் போடுங்கோ. வருஷத்துக்கு ஊருக்குப் போன வீட்டுக்காரற்ற கார் எண்டு பாக்கிறவை தாங்களே விளங்கிக் கொள்ளுவினம்.

ரீவி: பெரிய முதுகுள்ள பழைய ரீவி கட்டாயம் இருக்கோணும். ஓடவிடலாமா எண்டு #3 அண்ணைதான் சொல்லோணும்.

#5 ஐம்பது ஹேட்ஸ்

நல்லாக் கேட்டீங்கள். பழைய ரீவி இங்க வினாடிக்கு 50 தரம் கோடு போடும். 24 பிரேமில எடுத்தால் கறுப்புப் பட்டை மெதுவா மேலயோ கீழயோ ஏறும். 25 பிரேம், 1/50 எண்டால் பட்டை நிக்கும், அதை ரீவியின்ர விளிம்புக்குத் தள்ளுறது சின்ன வேலை. ரீவி கதையில ஓடோணுமெண்டால் முழுப்படத்தையும் 25இல எடுங்கோ. மேல 24 எண்டு சொன்னதை மாத்திறன். ஒரு காட்சி 24, ஒரு காட்சி 25 எண்டு கலக்க மட்டும் வேண்டாம், எடிற்றில சத்தம் விலகும். தியேட்டருக்கு 24 தான் கேட்டால் கடைசியில நாலு வீதம் மெதுவாக்கலாம். 40 நிமிஷம் ஒண்டரை நிமிஷத்துக்கு மேல நீளும், சுருதியைத் திருத்தோணும்.

#6 அலையும் காகமும்

படத்திலயே மலிவான காலயந்திரம் சத்தம்தான். அதை ஒருத்தரும் தொடேல்ல.

முதலாவது அரை மணிக்கும் ரெண்டாவதுக்கும் ஒரே பின்னணி ஒலியைப் பாவிக்கோணும். எப்பிடியெண்டால், 30 நிமிஷத்துக்கு ஒரு ஒலித்தடத்தை முதலே செய்து வையுங்கோ. 12.03 நாய் ரெண்டு தரம் குரைக்குது. 12.08 பக்கத்து மாடியில தண்ணிக் குழாய். 12.11 தூரத்தில சீனவெடி ஒரு சரம், கடைசி வெடி ஒண்டு பிந்தி. 12.19 டூ ஸ்ட்ரோக் ஓட்டோ ஒண்டு ஒழுங்கையில ஏற மாட்டாமல் கியர் மாத்துது. இப்ப ஓடுற ஓட்டோவின்ர சத்தம் வேற, டூ ஸ்ட்ரோக்கைத் தேடிப் பதிவெடுங்கோ. ரெண்டாவது சுற்றில அதே நாய், அதே குழாய். பிந்தின அந்த ஒரு வெடி திரும்பக் கேக்கேக்க படம் பாக்கிறவைக்கு உடம்பு சிலிர்க்கும். எடிற்றர் இந்தத் தடத்தைக் கீழ போட்டுட்டு மேல படத்தை அடுக்கோணும், மறுவழமா இல்லை. ஷொட்டை வெட்டினால் நாய் இடம்மாறும், அதனால ரெண்டாவது சுற்றில நேரத்தைத் தாவாதேங்கோ.

கடல் பக்கத்துப் பிளாற்றில அலைச்சத்தம் எல்லா அலைவரிசையிலயும் பரவியிருக்கும், பிறகு பில்டரால எடுக்கேலாது. ஜன்னலைச் சாத்தி, போர்வை ரெண்டு தொங்கவிட்டு, கொலர் மைக்கில வசனம் எடுங்கோ. அலையைத் தனியா இரவு ரெண்டு மணிக்கு மேல போய் எடுங்கோ, காத்துச் சத்தம் விழாமல் மைக்குக்கு மயிர்க்கவசம் கட்டாயம். ஒவ்வொரு அறையிலயும் ஆள் அசையாமல் 60 வினாடி வெறும் ஒலி. விடிய நாலரைக்கு முதல் ஒலிவேலையை முடியுங்கோ, பிறகு காகம் விடாது.

அடுத்தது அந்த கோல். அவன்ர கையில மொபைலைக் குடுக்காதேங்கோ. தொண்டு நிறுவன அலுவலகத்துச் சற்றலைற் போன் எண்டு வையுங்கோ, நள்ளிரவு கோலுக்கு அதுதான் பொருந்தும். உயரச் சுற்றுப்பாதைச் சற்றலைற் எண்டால், கேட்ட கேள்விக்கு மறுமொழி வர அரை வினாடி கூடச் செல்லும். ரெண்டு பேரும் ஒண்டாக் கதைக்கத் தொடங்குவினம், ஒண்டா நிப்பாட்டுவினம், திரும்ப ஒண்டாத் தொடங்குவினம். காதலிக்கிற ரெண்டு பேருக்கு நடுவில அந்த அரை வினாடியை எழுதிக் காட்டேலாது, செய்து காட்டலாம். நடிகர் ரெண்டு பேரையும் வேற வேற அறையில விட்டு, காதில போடுறதுக்கு ஒலியை ஒவ்வொரு பக்கமும் 250 மில்லிசெக்கன்ட் பிந்தி அனுப்புங்கோ, போய்வர அரை வினாடி ஆகும். தனித்தனியா எடுத்து எடிற்றில இடைவெளி விட்டால் மூச்சு பொருந்தாது. அவன்ர குரலை 300க்கும் 3,400 ஹேட்ஸுக்கும் நடுவில வெட்டுங்கோ.

#7 கடலோரத் தண்டவாளம்

கதையைப் பற்றி ஒண்டு கேக்கோணும். ரெண்டாவது தரம் போனை எடுக்கிறது 24 வயசு வாணியா, 44 வயசு வாணியா? 44 தான் எடுக்கிறாள் எண்டால் அவளுக்கு என்ன வரப்போகுதெண்டு தெரியும். நாலு மாசத்தில, ஓகஸ்டில, கிளிநொச்சியால போற ஏ9 றோட்டு பூட்டப்படும். 2002இல திறந்த பாதை அது. அவனுக்குத் தெரியாது. அவள் "உடன வெளிக்கிட்டு வா" எண்டு சொன்னால் படம் ஒரு நிமிஷத்தில முடிஞ்சுபோகும். சொல்லாட்டி எங்கட சனம் அவளை மன்னிக்காது.

#8 பழைய பஞ்சாங்கம்

அதனால்தான் 24 வயதுக்காரி எடுக்க வேண்டும். 44 வயதுக்காரிக்குக் கிடைத்த வேலை ஒன்றே ஒன்று: அவளை 12.25க்கு வெளியே போகவிடாமல் வைத்திருப்பது. போன் அடித்த பிறகு அவளுக்கு அந்த அறையில் இடமில்லை, சமையலறையில் நின்று ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்கிறாள். அந்த இளம்பெண் அவனை வரச்சொல்வாளா, வருடத்துக்கு என்ன பலகாரம் செய்தாய் என்றே அரை மணியையும் பேசிமுடிப்பாளா என்பது அவள் கையில் இல்லை. போரில் ஆளை இழந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள். ஒரு போன் அழைப்பில் ஆளைக் காப்பாற்றிக் காட்டினால், தாங்கள் ஏதோ செய்யத் தவறிவிட்டோம் என்று அவர்களுக்குச் சொன்னதாகும். அதைச் செய்யாதீர்கள்.

இதில் செலவும் குறையும். இரண்டு வாணியும் நேருக்கு நேர் ஒரே பிரேமில் வருவது ஒரு ஷொட். மற்றவை கதவு நிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

#9 கிளாப் பலகை

கொன்ரினியூற்றி, அதாவது ஷொட்டுக்கு ஷொட் எல்லாம் பொருந்துறது. ரெண்டு சுற்றும் ஒரே கமரா நிலையில வருது எண்டால் ஒரே இரவில அடுத்தடுத்து எடுங்கோ. சுற்று 1 முழுக்க முதல் மூண்டு இரவு, சுற்று 2 பிந்தின மூண்டு இரவு எண்டு பிரிச்சால் ஒண்டும் பொருந்தாது. பலகையில "7 – சு1", "7 – சு2" எண்டு எழுதுங்கோ. ஒவ்வொரு நிலைக்கும் லென்ஸ், தரையிலயிருந்து உயரம், சரிவு, சுவரிலயிருந்து தூரம் எல்லாம் கொப்பியில.

பிழைக்கிற சாமான்கள்: குத்துவிளக்குத் திரி, தேத்தண்ணிக் கோப்பையில மட்டம், மல்லிகைச்சரம். சுற்று 2 தொடங்கேக்க எல்லாம் சுற்று 1 தொடங்கின நிலைக்கு வரோணும். தேத்தண்ணிக்குக் கோப்பையின்ர உள்பக்கத்தில பென்சிலால கோடு. மல்லிகை ஒரு இரவுக்கு மூண்டு முழம், ஒரே நீளத்தில வெட்டி. எல்லாத்தையும் விட வியர்வை. விசிறியில்லாமல், ஜன்னல் அடைச்ச அறையில சுற்று 1 முடிய நடிகையின்ர கழுத்து நனைஞ்சிடும். ஒரே சட்டை மூண்டு தையுங்கோ.

மாறவேண்டியது ஒண்டு மட்டும் இருக்கு, சுற்று 1இல பூட்டியிருந்த சமையலறைக் கதவு சுற்று 2இல ஒரு விரலளவு திறந்திருக்கோணும்.

அனுமதி: ஒழுங்கைக்குப் பொலிஸுக்குக் கடிதம் குடுத்து, பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கோ. பொதுவில திரையிட அரங்காற்றுகைச் சபை (தணிக்கைச் சபை) அனுமதி வேணும், ஸ்கிறிப்ற்றை முதலே ஒப்படையுங்கோ. சோதனைச்சாவடிக் காட்சியை வெட்டுங்கோ. இராணுவ உடுப்பைப் போட்டு இரவில றோட்டில நிக்கேலாது. கூரையில ஒரு ரோர்ச் வெளிச்சம் போகட்டும், வாகனம் ஒண்டு நிண்டு திரும்பக் கிளம்பட்டும். வாணி லைற்றை நூக்கிறாள். 2006ஐ வாழ்ந்த ஆளுக்கு அது காணும்.

#10 தெகிவளை லேன்

எல்லாருக்கும் நன்றி. மாத்தினது: 25 பிரேம். நீலச்சட்டை வெளிர் மஞ்சளாச்சு, மூண்டு தைக்கக் குடுத்தாச்சு. சோதனைச்சாவடி இல்லை. பிரிச்சு ஒட்டுற ஷொட் ஒண்டு. போனை எடுக்கிறது 24 வயசு வாணி.

பஞ்சாங்கம் அண்ணை, ஒரு இடத்தில இன்னும் நிக்கிறன். 44 வயசு வாணி அவளை எப்பிடி மறிக்கிறது? என்ன சொன்னாலும் அது பின்னால நடந்ததைச் சொன்ன மாதிரித்தான் வருது.

#11 பழைய பஞ்சாங்கம்

ஒன்றும் சொல்ல வேண்டாம். முதல் சுற்றில் வாணி 12.25க்கு வெளிக்கிடும்போது செருப்பு எங்கே இருந்தது?

#12 தெகிவளை லேன்

வாசல் பாயில.

#13 கிளாப் பலகை

அப்ப சுற்று 2இல பாய் வெறுமையா இருக்கோணும். அந்த ஷொட்டை நாலாம் இரவில 11ஆவது நிலைக்குப் பின்னால போட்டிருக்கிறன், ஒரே லென்ஸ். செருப்பு ரெண்டு சோடி வாங்குங்கோ, ஒண்டு பிய்ஞ்சால் வேலை நிக்கும்.